மணவாளக்குறிச்சி மணலும் மின்கார் காந்தமும்

பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றினால் உள்ளே வளைந்த சின்னக் காந்தம் கிடைக்கும். இரும்பு பீரோவில் ஒட்டிவிட்டால் பிடுங்குவதற்குள் நகம் வலிக்கும். அதைக் கொண்டுபோய் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் மேல் பிடித்தால் கருப்புத் துகள்கள் கொத்தாக ஏறி ஒட்டிக்கொள்ளும். அது இல்மனைட் என்ற கனிமம். கீழேயே கிடக்கிற மணலில் தேன் நிறத்தில் தெரியும் சில மணிகள் மோனசைட் என்ற இன்னொரு கனிமம், உங்கள் கையில் இருக்கிற காந்தத்துக்கு வலு கொடுக்கும் நியோடிமியம் அந்த மணிகளுக்குள்ளும் இருக்கிறது.

இது புதுச் செய்தி இல்லை. 1909-லேயே ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தக் கரையிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்துவிட்டார். இந்தியாவிடம் சுமார் 1.3 கோடி டன் மோனசைட் இருப்பதாக அணுசக்தித் துறை கணக்கு சொல்கிறது. அப்புறம் ஏன், 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் (நியோடிமியம் சேர்ந்த உலோகக் குடும்பம் இது) அவற்றைச் சேர்த்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சொன்னதும் மோட்டாருக்கு இந்தக் காந்தத்தை நம்பியிருக்கும் நம் கார் கம்பெனிகள் பதறின?

ஏனென்றால் கஷ்டம் தோண்டுவதில் இல்லை, பிரிப்பதில் இருக்கிறது. மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கதிர்வீச்சுள்ள தோரியத்தை ஒதுக்கி, மிச்சத்தை அமிலத்தில் கரைத்தால் லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம் எல்லாம் ஒரே கரைசலில் கலந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னேற்றம், அயனி அளவிலும் மயிரிழை வித்தியாசம்தான். அந்தக் கரைசலோடு ஒரு கரிமத் திரவத்தைத் தொட்டியில் கலக்கி நிற்கவிட்டால் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இரண்டடுக்காகப் பிரியும், ஒரு தனிமம் மேலடுக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும், அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சத்தை' அடுத்த தொட்டி, அதற்கடுத்த தொட்டி என்று நூற்றுக்கணக்கான தடவை பெருக்கினால்தான் சுத்தமான நியோடிமிய ஆக்சைடு வரும். உலகத்தில் இந்த வேலையில் சுமார் 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது. பிறகு ஆக்சைடை உலோகமாக்கி, இரும்பும் போரானும் சேர்த்து உருக்கி, சில மைக்ரான் பொடியாக அரைத்து, காந்தப் புலத்தில் வரிசைப்படுத்திச் சுட வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். விலைதான் ஆளைக் கொல்கிறது. சீனாவுக்கு வெளியே யாராவது ஆலை போட்டு, அந்த நேரம் பார்த்துச் சந்தை விலை சரிந்தால் முதல் போட்டவர் கதை முடிந்தது. ஜப்பான் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. 2010-ல், இரண்டு நாடும் உரிமை கொண்டாடும் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகின் கேப்டனைக் கைது செய்தபோது சீனாவிலிருந்து அருமண் வரத்து நின்றுபோனது. அடுத்த வருஷமே ஜப்பான் அரசு அமைப்பும் சோஜிட்ஸ் நிறுவனமும் அருமண் எடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் கொடுத்தன. விலை விழுந்து லைனாஸ் திணறியபோதும் கடனை நெருக்காமல் தவணையைத் தள்ளிக் கொடுத்தார்கள். எனக்கு இந்தப் பொறுமைதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தக் கம்பெனி 2025-ல் மலேசிய ஆலையில் டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அருமண் தனிமத்தின் ஆக்சைடே எடுத்துவிட்டது. சூடான மோட்டாருக்குள் காந்தம் வலுவிழக்காமல் இருக்க அது வேண்டும், நம் மணலில் எடுக்கிற அளவுக்கு அது கிடையாது.

இந்தியாவும் இறங்கியிருக்கிறது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் முக்கியக் கனிமங்களுக்கான தேசியத் திட்டம், நவம்பரில் வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி. இந்த இரண்டாவது தொகையில் பெரும்பகுதி, விற்ற காந்தத்தின் கணக்குப்படிதான் கிடைக்கும். சரியான வழி. கட்டடம் எழுப்பினால் மட்டும் பணம் வராது, காந்தம் வெளியே போனால்தான் வரும்.

ஆனால் அதே வருஷம் செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், மோனசைட் மாதிரி அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் சுரங்கம் அமைக்கப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விலக்கு கொடுத்தது. அதே கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டாரத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் இருக்கிறது, மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு உண்டு, கரை அரித்தால் வீடு போகும். அவர்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அளந்து பார்த்துப் பதில் சொல்ல முடியும். அரசு அந்த விலக்கைத் திரும்பப் பெற்று, ஊர் நடுவில் பந்தல் போட்டு உட்கார்ந்து, அந்தப் பதில்களைச் சொல்லட்டும்.