பன் பாக்கெட்டில் ஒட்டும் ‘மெஸோனோட்’ ஸ்டிக்கர்

கோஷர் (யூத உணவு விதிப்படியான) கேட்டரிங்கில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் நம்மாட்கள், பாலையும் இறைச்சியையும் கலக்காவிட்டால் போதும், யூதர்களின் உணவு விதி அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் என்ன துதி சொல்கிறார்கள் என்பதுகூட நாம் பிசையும் மாவைப் பொறுத்ததுதான்.

ரொட்டி என்றால் முறைப்படி கை கழுவி, ‘ஹமோட்ஸி’ என்ற துதியைச் சொல்லிச் சாப்பிட்டு, முடிவில் நான்கு பகுதிகள் கொண்ட ‘பிர்கத் ஹமஸோன்’ துதியைச் சொல்ல வேண்டும். கேக், பிஸ்கட் என்றால் முன்னால் ‘மெஸோனோட்’ துதி, பின்னால் ‘அல் ஹமிக்யா’ என்ற சுருக்கமான துதி. அதுவும் ஓர் ஆலிவ் அளவுக்குச் சாப்பிட்டிருந்தால்தான். இன்று பலர் அதைச் சுமார் 27 கிராம் என்று கணக்கிடுகிறார்கள்.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பண்டங்களில்தான். 1565இல் வெனிஸில் அச்சான ‘சுல்கான் அருக்’ என்ற யூதச் சட்டநூல், உள்ளே இனிப்புப் பூரணம் வைத்தது, தேனோ எண்ணெயோ சேர்த்துப் பிசைந்தது, மொறுமொறுவென்று சுட்டது என மூன்று வகைகளைக் கேக் பக்கம் சேர்க்கிறது. பிசைந்த மாவில் இனிப்பு நாக்குக்குத் தெளிவாகத் தெரிந்தாலே செபார்டிகளுக்கு (ஸ்பெயின் மரபு யூதர்களுக்கு) போதும். அஷ்கெனாஸிகளுக்கு (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்களுக்கு) இனிப்பே தூக்கலாக இருக்க வேண்டும். அதனால் ஓய்வுநாளுக்குச் சுடும், லேசான இனிப்புள்ள ஒரே ஹல்லா, ஒரே மேசையில் ஒருவருக்குக் கேக், பக்கத்தில் இருப்பவருக்கு ரொட்டி.

அப்புறம் அளவு. தல்மூத் என்ற பழைய யூத நூலில் ராவ் ஹூனா என்ற அறிஞர் இப்படிக் கேக் பக்கம் சேரும் 13 ரொட்டிகளைச் சாப்பிட்டுவிட்டு, உணவுக்குப் பிந்தைய துதியைச் சொல்லாமல் இருக்கிறார். ராவ் நஹ்மான் என்ற இன்னோர் அறிஞர் அதை ஏற்கவில்லை. மற்றவர்கள் எதைச் சாப்பாடாக வைத்துச் சாப்பிடுவார்களோ, அந்த அளவுக்குத் துதி உண்டு என்கிறார். கேக் வகையானாலும் சாப்பாட்டு அளவுக்குப் போனால் ரொட்டியின் சட்டம் வந்துவிடும். செபார்டி ரப்பிகள் (யூத மதகுருக்கள்) பலர் இதற்கு 216 கிராம் என்று வைக்கிறார்கள். அஷ்கெனாஸிகளில் பலர், தொட்டுக்கொள்ளும் மீன், சாலட்டையும் சேர்த்து வயிறு நிறைந்ததா என்று பார்க்கிறார்கள்.

இப்போது விமானச் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். தண்ணீருக்குப் பதில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றிப் பிசைந்த பன். தோற்றம் சாதா பன், ருசியும் கிட்டத்தட்ட அதேதான். பக்கத்தில் கோழி, காய்கறி. பாக்கெட்டில் ‘மெஸோனோட்’ ஸ்டிக்கர், அதாவது இது கேக் வகை, கை கழுவ வேண்டாம் என்று அர்த்தம். இருக்கையை விட்டு எழுந்துபோய்க் கை கழுவுவது சிரமம் என்பதால் வந்த ஏற்பாடு இது. ஆனால் பயணி அதைத்தான் சாப்பாடாகச் சாப்பிடுகிறார். ரப்பிகள் பலர் இதை எதிர்ப்பது எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. அந்த ஸ்டிக்கரை நம்பியவர், சொல்ல வேண்டிய துதியைச் சொல்லாமலே இறங்கிப் போகிறார்.

அதனால் பரிமாறும் தோழர்களே, “கை கழுவத் தேவையில்லை சார்” என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். மாவு எது, ஜூஸா தண்ணீரா, ஒரு பன் எத்தனை கிராம் என்பதை அட்டையில் எழுதி வையுங்கள். அரிசி மாவில் மட்டும் செய்த குளூட்டன் இல்லாத பன் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அது ரொட்டிக் கணக்கிலேயே வராது. ஓட்ஸ் பன் வரும். மற்றதை அவர் தன் ரப்பியிடம் கேட்டுக்கொள்வார்.