ஹேஷ்மேப்பை நம்பிச் சீட்டு அடிக்காதீர்கள்

ஓணத்துக்கு முந்தின வாரம். விடியும் முன்பே தோவாளை பூச்சந்தையிலிருந்து போன். அங்கே ஒரு கமிஷன் கடைக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். "தம்பி, எப்பவும் 112-ம் நம்பர் சீட்டுதான் முதல்ல வரும். இன்னைக்கு அது 40-ம் நம்பருக்கும் பின்னால கிடக்கு. ஆட்கள் சத்தம் போடுறாங்க, நான் என்ன பதில் சொல்லட்டு?"

தொகையில் ஒரு பைசாகூடத் தப்பில்லை. ஆனால் அந்தக் கடையில் விவசாயிகளின் சீட்டு அச்சாகி வருகிற வரிசையில்தான் கூப்பிட்டுப் பணம் கொடுப்பார்கள். பிச்சிப்பூவைக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவருக்கு வரிசை பெரிய விஷயம்.

தவறு என்னுடையது. விவசாயியின் நம்பரைக் கீயாகவும் (தேடும் அடையாளம்) தொகையை வேல்யூவாகவும் (அதற்குரிய மதிப்பு) வைத்து, இப்படி ஜோடி ஜோடியாகச் சேமிக்கும் ஹேஷ்மேப்பில் போட்டு, ஒவ்வொன்றாக எடுக்கும் ஒரு ஃபார் லூப்பில் சுற்றி அச்சடித்திருந்தேன். ஹேஷ்மேப் தொடக்கத்தில் 16 அறைகளை வைத்துக்கொள்கிறது. கீ சிறிய முழு எண்ணாக இருந்தால், 16-ஆல் வகுத்து வரும் மீதிதான் அறை எண். 112-க்கு மீதி 0, 5-க்கு 5, 40-க்கு 8. லூப் அறை வரிசையில்தான் நடக்கும். அதனால் எந்த வரிசையில் உள்ளே போட்டாலும் 112, 5, 40 என்றே வெளியே வரும். தினமும் இப்படியே வந்ததால் கடையில் எல்லோருக்கும் அது பழகிப்போனது.

இது 12 பேர் வரைக்கும்தான். 16-ல் முக்கால் பங்கு அது. 13-வது ஆள் வந்ததும் அறைகள் 32 ஆகின்றன, எல்லாருக்கும் மறுபடி இடம் பிரிக்கப்படுகிறது. இப்போது 112-க்கு மீதி 16. வரிசை 5, 40, 112 என்று மாறிவிடுகிறது. ஓணத்துக்காகப் பூ கொண்டுவந்த கூடுதல் ஆள் ஒருவரால் எல்லார் சீட்டும் இடம் மாறியது. நான் சோதனை பார்த்தது 1 முதல் 10 வரை நம்பர் கொடுத்து. அது ஒழுங்காக வரத்தான் செய்யும். அந்த ஒழுங்குதான் என்னை ஏமாற்றியது.

திருத்தம் ஒரே வார்த்தை: லிங்க்டுஹேஷ்மேப். 2002-ல் வந்த ஜாவா 1.4-லிருந்தே இருக்கிறது. போட்ட வரிசையிலேயே திருப்பிக் கொடுக்கும். அதே ஆள் இரண்டாவது கூடை கொண்டுவந்து தொகையைக் கூட்டினாலும் அவருடைய பழைய இடம் மாறாது. நம்பர் வரிசையே வேண்டும் என்றால் ட்ரீமேப். 2017-ல் ஜாவா 9-ல் வந்த, மாற்ற முடியாத மேப்பை உருவாக்கும் மேப்.ஆஃப் இன்னும் கண்டிப்பானது. யாரும் வரிசையை நம்பிவிடக் கூடாது என்று, நிரலை ஓட்டும்போதெல்லாம் அது வரிசை மாறும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இதைவிட ஆபத்தான ஒன்று, சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேப்பிலிருந்து ஆளை நீக்குவது. பணம் வாங்கியவரை லூப்புக்குள் நின்றே ரிமூவ் செய்தால், அடுத்த எண்ட்ரியை (கீ-வேல்யூ ஜோடியை) எடுக்கப்போகும்போது கன்கரென்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்ற பிழை வந்து நிரல் நின்றுவிடும். நின்றால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நீக்கப்பட்டவர் லூப்பின் கடைசி ஆளாக இருந்தால் எந்தப் பிழையும் வராது. அடுத்த எண்ட்ரி இல்லாததால், மேப் இடையில் மாறியதா என்ற சோதனையே நடப்பதில்லை. மூன்று பேரை வைத்துச் சோதித்து "சரியா ஓடுது" என்று கொடுத்த நிரல், சந்தை நாளில் நூறு பேருக்கு நடுவே விழுந்துவிடும். எண்ட்ரிசெட்டின் (எல்லா எண்ட்ரிகளின் தொகுப்பு) மேல், நிபந்தனைக்குப் பொருந்துவதை நீக்கும் ரிமூவ்இஃப் போடுங்கள். ஜாவா 8-லிருந்து இருக்கிறது. பழைய ஜாவா என்றால், ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டரின் ரிமூவ். தொகையை மட்டும் மாற்றவேண்டும் என்றால் எண்ட்ரியின் செட்வேல்யூ போதும், அதனால் லூப் உடையாது.

கீக்களை மட்டும் தரும் கீசெட்டைச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் கெட் போட்டு வேல்யூவை எடுக்கும் பழக்கமும் நிறையப் பேரிடம் உண்டு. தப்பில்லை, தேடுகிற வேலைதான் கூடுதல். கீ, வேல்யூ இரண்டும் வேண்டும் என்றால் எண்ட்ரிசெட்டே போதும்.

நாகர்கோவிலில் என்னிடம் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு இப்போது முதல் நாள் பயிற்சி இதுதான். ஹேஷ்மேப்பில் 5, 40, 112 மூன்றையும் போட்டுச் சுற்றச் சொல்வேன். வருகிற வரிசையைத் தாளில் எழுதச் சொல்வேன். பிறகு இன்னும் பத்துக் கீ சேர்த்து மறுபடி ஓட்டச் சொல்வேன்.