மழைத் தண்ணீர் நிற்கும் மனையா? மக்கும் கழிப்பறைக்கும் 12,000 ரூபாய் உண்டு

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கம் தாழ்வான மனையில் வீடு இருக்கிறவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடுகிற மண்ணில் குழி எடுத்துக் கழிப்பறை கட்டினால், ஐப்பசி கார்த்திகை மழையில் குழி தளும்பி, ஊற்றுகிற தண்ணீர் பேசினிலேயே எதிர்த்து நிற்கும். அதைவிட மோசம், அந்தக் குழித் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே நகர்ந்து பக்கத்து அடிபம்பில் போய்ச் சேருவது.

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாட்டில் இதில் 7,200 மத்திய அரசின் பங்கு, 4,800 மாநில அரசின் பங்கு. குழி வெட்டினால்தான் பணம் என்று நினைத்துக்கொண்டு ஊற்று மண்ணிலும் குழியே வெட்டுகிறார்கள், அப்படி ஒரு கட்டாயமே இல்லை. இரட்டைக் குழிக்கு முன்னுரிமை, அவ்வளவுதான். மக்கும் கழிப்பறையும், அதாவது எக்கோசான் என்கிறார்களே அதுவும், திட்டம் ஏற்கும் வகைகளில் ஒன்று.

இதில் தோண்டுகிற வேலை கிடையாது. தரைக்கு மேலே இரண்டு தொட்டி, அதன் மேல் பேசின், ஏறப் படி. மலம் ஒரு வழியிலும் சிறுநீர் ஒரு வழியிலும் கழுவுகிற தண்ணீர் இன்னொரு வழியிலும் போகும். ஒவ்வொரு தடவையும் அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்பு கலந்த மண்ணோ ஒரு கை போட்டு மூடிவிட வேண்டும். தொட்டிக்குள் தண்ணீர் போகவே கூடாது, போனால் நாற்றமும் புழுவும்தான் மிச்சம். அதனால் 2015 வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று விசாரித்து, தொட்டியின் அடித்தளத்தை அதற்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். ஒரு தொட்டி ஒரு வருடத்துக்குக் குடும்பத்துக்குத் தாங்க வேண்டும். நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள், அடைத்தது நம் ஊர் வெயிலில் ஒரு வருடமாவது அப்படியே கிடக்கட்டும், அப்புறம் எடுத்தால் அது காய்ந்த எரு. தென்னைக்கு, வாழைக்குப் போடலாம், பச்சையாகத் தின்கிற எதற்கும் வேண்டாம். திருச்சி மாவட்டம் முசிறி பக்கம் இந்த முறையைப் பரப்பிய சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் பக்கம் போனால் நேரில் பார்த்துவிட்டு வந்தே முடிவு செய்யலாம்.

அந்த ஒரு வருடக் கெடுவை யாரும் சுருக்கக் கூடாது. இதற்குச் சட்டமும் இருக்கிறது. முழுதாக மக்குவதற்கு முன் மனிதர் கையால் அள்ள வேண்டியிருக்கிற கழிப்பறையைக் கட்டுவதே, மலத்தைக் கையால் அள்ளவைப்பதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தொட்டி நிரம்பிவிட்டது, யாரையாவது கூலிக்குக் கூப்பிட்டு அள்ளிவிடலாம் என்ற நினைப்பே வரக் கூடாது.

சரி, யாருக்குக் கிடைக்கும்? வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு. கோட்டுக்கு மேலே இருந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், சொந்த மனை உள்ள நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையிலான குடும்பங்கள் கேட்கலாம். வீட்டில் கழிப்பறை இருக்கக் கூடாது, இதே தொகையை முன்பே வாங்கியிருக்கவும் கூடாது.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு முதலில் ஊராட்சிச் செயலரிடம் போங்கள், அங்கே நகரவில்லை என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்த வகை கட்டப் போகிறீர்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் கட்டி முடித்துப் படம் எடுத்து ஏற்றிய பிறகுதான் கணக்கில் பணம் விழும், அதுவரை கைக்காசு வேண்டும். மொத்தச் செலவையும் 12,000 ஈடுகட்டாது, மேல் அறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, நகர்ப்புறப் பிரிவு தனி. பாகூர், வில்லியனூர் போன்ற புதுச்சேரிக் கிராமத்துக்காரர்கள் அங்குள்ள வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.