கடற்பாசி நூடில்ஸும் ஆய்வுகூடத் தட்டும்

காத்தான்குடியிலும் கல்முனையிலும் நோன்பு திறக்கக் காய்ச்சும் கடற்பாசியும், மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் மருத்துவ ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்க ஊற்றும் அகரும் ஒரே சரக்குத்தான். இரண்டும் கடலில் விளையும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பவை. வீட்டில் அதற்குப் பாலும் சீனியும் ரோஸ் நிறமும் சேர்ப்பார்கள். நாங்கள் பெப்டோன் என்ற புரதச் சத்தும் உப்பும், சில தட்டுகளுக்கு ஆட்டு இரத்தமும் சேர்ப்போம். விருந்து வீட்டில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் இப்போது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கடற்பாசி புது வேடத்தில் வந்திருக்கிறது. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று உறைய வைத்து, நூடில்ஸ் போல நீளமாக வெட்டி, ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்து, சோயா சோஸும் வினாகிரியும் உள்ளியும் கலந்த உறைப்புச் சோஸில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் கைபேசியில் வீடியோ பார்த்துச் செய்கிறார்கள், பிறந்தநாள் வீடுகளில் மேசைக்கு வருகிறது. யப்பானில் இது பழைய சாப்பாடு. தொகொரோதென் என்று பெயர். கட்டியாக உறைந்த பாசியை மரப்பெட்டி ஒன்றில் வைத்துத் தள்ளி இழையாக்கி, வினாகிரியும் சோயாவும் கடுகும் சேர்த்துக் கோடையில் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊருக்கும் நன்றாகவே பொருந்துகிறது. நானும் வீட்டில் செய்கிறேன். எனவே பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை.

ஆய்வுகூடத்துக்குள் அகர் வந்ததே ஒரு சமையலறையிலிருந்துதான். ரொபர்ட் கோக்கிடம் பயின்ற வால்டர் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் மருத்துவர் ஜெலட்டினில் கிருமி வளர்க்கப் பார்த்துக் களைத்துப்போனார். வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகி ஓடியது. போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கின. வீட்டில் ஜெலி செய்யப் பாவிக்கும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபன்னி. ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அயலவர் வழியாக அவருக்கு அகர் பழக்கமாகியிருந்தது. இது நடந்தது 1881இல். அடுத்த வருடம் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி அறிவித்தபோது அகரையும் குறிப்பிட்டார், ஃபன்னியின் பெயரை விட்டுவிட்டார்.

அன்று அகரை எடுபட வைத்த குணம்தான் இன்று வீட்டில் ஆளை ஏமாற்றுகிறது. அகர் 32 முதல் 40 பாகை செல்சியஸுக்குள் உறையும். ஆனால் உறைந்தது மறுபடி உருக 85 பாகை அளவு சூடு வேண்டும். பைக்கற்றில் வரும் ஜெலட்டின் ஜெலியை வெளியே வைத்தால் எங்கள் வெயிலுக்கு நெகிழ்ந்து வழிந்து, நேரம் போய்விட்டதைக் காட்டிவிடும். கடற்பாசி எதையும் காட்டாது. காலையில் வெட்டிய நூடில்ஸ் பின்னேரமும் அதே பளபளப்போடு நிற்கும். 2022இல் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களில் பிரிட்ஜில் பால் திரிந்தது, கறி புளித்தது, கடற்பாசி மட்டும் அசையாமல் இருந்தது. அசையாமல் இருப்பதால் பழுதாகவில்லை என்று எடுத்துக்கொண்டால் அங்கேதான் சிக்கல்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வெறும் கடற்பாசியும் தண்ணீரும் கிருமிகளுக்குப் பெரிய சாப்பாடு கிடையாது. மனிதருக்கு நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றால் அகரைச் செரிக்க முடியாது. அதனால்தான் நாங்கள் தனியாகப் பெப்டோன் போட்டு ஊட்டவேண்டியிருக்கிறது. அந்த வகையில், பாலும் முட்டையும் சேர்ந்த கடற்பாசியைவிட இந்த நூடில்ஸ் ஆபத்துக் குறைந்தது. பயற்றம் மாப்பசையில் செய்யும் சீன ஜெலி நூடில்ஸும் பார்வைக்கு இதுபோலத்தான் இருக்கும், ஆனால் அது மாச்சத்து, கிருமிக்கு நல்ல தீனி. ஆனால் எல்லாக் கிருமிக்கும் வளர்ந்து பெருகியாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வயிற்றுளைவு தரும் ஷிகெல்லா 10 முதல் 100 வரை உள்ளே போனாலே போதும். ஒட்டிக்கொண்டு வாய்வரை வந்தால் வேலை முடிந்தது.

ஆகவே கவனிக்கவேண்டிய இடம் அடுப்பு அல்ல, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு நடப்பவை. அகர் கரைய நன்றாகக் கொதித்தே ஆகவேண்டும். அந்தக் கொதியில் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை போய்விடும். பிறகு கை, கத்தி, பலகை, தண்ணீர், ஐஸ், பச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாக நாமே திருப்பிக் கொண்டுவந்து போடுகிறோம். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் செய்து காட்டுவது இதைத்தான். கழுவாத விரலை ஒரு தட்டிலும், சவர்க்காரம் போட்டுக் கழுவிய விரலை இன்னொரு தட்டிலும் ஒற்றி, 37 பாகையில் வைத்துவிடுவோம். மறுநாள் காலை முதல் தட்டில் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். கழுவிய விரலிலும் கொஞ்சம் வரும், அவை தோலின் சொந்தக் குடிகள். மஞ்சள் புள்ளிகளில் ஸ்டபிலோகொக்கஸ் ஒரியஸ் இருந்தால் அது மூக்கிலும் ஆறாத வெட்டுக்காயத்திலும் இருந்து வருவது. உணவில் அது விடும் நஞ்சைத் திருப்பிச் சூடாக்கியும் போக்க முடியாது. சாப்பிட்டு ஒரு மணியிலிருந்து ஆறு மணிநேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும்.

சரி, செய்முறைக்கு வருவோம். 12 கிராம் அகர் தூளை 800 மில்லிலீட்டர் பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, பிறகு அடுப்பில் வையுங்கள். சுடுதண்ணீரில் தூவினால் கட்டிபடும். கொதி வந்த பின் இரண்டு மூன்று நிமிடம் கிண்டவேண்டும். கரண்டியின் பின்பக்கம் மணி மணியாக ஒட்டாமல் கண்ணாடியாக வழிந்தால் கரைந்துவிட்டது. நூல் கடற்பாசி என்றால் அரை மணிநேரம் ஊறவைத்து, இன்னும் கூடுதலாகக் காய்ச்சவேண்டும். இதை நான்கு பாத்திரங்களில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிலீட்டர் சூடான நிறத் தண்ணீர் ஊற்றினால் மொத்தம் ஒரு லீட்டர் வரும். எங்கள் தட்டுகளுக்கு லீட்டருக்கு 15 கிராம் போடுவோம், அது இதைவிட விறைப்பாக இருக்கும்.

நிறத்தில்தான் ஆட்கள் கூடுதலாகத் தவறுகிறார்கள். பீற்றூட் கொதித்தால் நிறம் மங்கும் என்று சொல்லி, பச்சையாக அடித்த சாற்றை ஆறிய பாசியில் கலக்கிறார்கள். பீற்றூட் மண்ணுக்குள் விளைவது. வல்லாரையும் ஈர நிலத்தில் படர்ந்து வளர்வது. அந்தச் சாற்றை அப்படியே விட்டால் நீங்கள் கொதிக்க வைத்ததற்குப் பொருளே இல்லை. பீற்றூட் துண்டுகளைக் கொஞ்ச நேரம் அவித்து அந்தத் தண்ணீரை எடுங்கள். கொஞ்சம் மங்கும், மங்கட்டும். வல்லாரையையோ ரம்பையையோ கொதிதண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து அரைத்து வடித்தால் பச்சை ஓரளவு நிற்கும். மஞ்சள் தூளைக் கூடவே கொதிக்க விடலாம். சங்குப்பூவைக் கொதிதண்ணீரில் ஊறவைத்தால் நல்ல நீலம் இறங்கும். புளிப்புப் பட்டதும் அது ஊதாவாகும், லிட்மஸ் தாளில் நடப்பதும் இந்த மாதிரியான வேலைதான். நீல நூடில்ஸை வினாகிரிச் சோஸில் தொடும்போது நிறம் மாறுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு நல்ல புதினம். ஆனால் தேசிக்காய்ப் புளியைப் பாசியோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள், உறைதல் பலவீனப்படும்.

கடையில் விற்கும் நிறம் வாங்குவதென்றால் உணவு நிறம் என்று சுட்டுத்துண்டு ஒட்டிய போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தில் கட்டித்தரும் தூள் வேண்டாம். துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம் தரும். 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது அதைக் கண்டுபிடித்த பிறகுதான்.

ஒரு சென்ரிமீற்றர் கனத்துக்குத் தட்டில் ஊற்றுங்கள். கச்சான் வெக்கையில் அறையே 33, 34 பாகை இருக்கும்போது அது உறையச் சுணங்கும். உடனே தட்டைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே வைப்பார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் வெறுங்காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டுமானால் செய்வதும் இதையேதான்: தட்டைத் திறந்து வைப்போம். நீங்கள் ஆவி அடங்கியதும் மூடி, தட்டைக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பெரிய தாச்சிக்குள் இறக்கி வையுங்கள், பிறகு பிரிட்ஜில். அடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்திருந்தால் பயம் வேண்டாம், அது பாசியின் இயல்பு.

வெட்டுவதற்கு நல்ல நீளமான கத்தி போதும். இடியப்ப உரலில் பிழியப் போனால் நொறுங்கித் தூளாகும். காலையில் மீன் வெட்டிய பலகையை எடுக்காதீர்கள். வீடியோக்களில் ஸ்ட்ரோவுக்குள் பாசியை ஊற்றி உறைந்ததும் வாயால் ஊதித் தள்ளுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஊதுபவரின் எச்சில் ஒவ்வொரு இழையிலும் இருக்கும். ஹோட்டல்காரர்கள் சிலிக்கோன் குழாயும் ஊசியில்லாச் சிரிஞ்சும் வைத்துக் காற்றடித்துத் தள்ளுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆய்வுகூடத்தில் பழைய சிரிஞ்ச் கிடைக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. கிடைக்காது. கேட்கவே கூடாது.

இனி ஐஸ். மீனுக்கென்று உடைக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தத் தரையில் இழுபட்டது என்று யாருக்கும் தெரியாது. அதை நூடில்ஸோடு சேர்க்கவே வேண்டாம், கொதித்தாறிய தண்ணீரில் வீட்டிலேயே ஐஸ் செய்யலாம். அலசும் தண்ணீரும் கொதித்தாறியதாக இருக்கட்டும். எங்கள் கரையோரம் முழுக்க மணல், கிணறு ஆழமில்லை, மலசலகூடக் குழியும் வளவுக்குள்ளேதான். மாரி வெள்ளத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். தெளிவாகத் தெரிவதால் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. மலத்திலிருந்து வரும் ஈகோலைக் கிருமி இருக்கும் தண்ணீரும் கண்ணாடி மாதிரித்தான் போத்தலில் வருகிறது.

சோஸுக்கு நாலு பேர் அளவில்: இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸ், நாலு மேசைக்கரண்டி தண்ணீர், தட்டிய உள்ளி, இஞ்சி, அரிந்த பச்சைக் கொச்சிக்காய், ஒரு தேக்கரண்டி சீனி. இவற்றை ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி தென்னை வினாகிரியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் வறுத்த எள்ளும் சேருங்கள். உள்ளியை எண்ணெயில் மூழ்க வைத்து நாட்கணக்கில் வெளியே வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசக் கிருமி வளர இடமுண்டு. ஒரே கோப்பையில் எல்லாரும் கடித்த மிச்சத்தைத் திருப்பித் தொடாமல் ஆளுக்கொரு சின்னக் கோப்பை கொடுங்கள்.

சீனி வருத்தக்காரர்கள் இதைச் சாப்பிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பாசியில் மாச்சத்தும் கொழுப்பும் இல்லை என்றே சொல்லலாம், அது நார்தான். நூடில்ஸால் சீனி ஏறாது. சோஸைக் கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் இரண்டரைக் கிராமை நெருங்கும் உப்பு இருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்வதே 5 கிராமுக்குள். பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் சோஸை இன்னும் தண்ணியாக்கி நுனி மட்டும் தொடவேண்டும். பெரும்பாலான சோயா சோஸில் கோதுமையும் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எள்ளோடு சேர்த்து அதையும் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கும் நீள இழையாகக் கொடுக்காமல் பொடியாக நறுக்கிக் கொடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

பிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணிநேரம், அதற்கு மேல் வேண்டாம். பாலில் செய்த கடற்பாசிக்கு இதை இன்னும் இறுக்கமாகப் பிடியுங்கள். நோன்பு திறந்த மேசையில் மிஞ்சியதை அப்படியே மூடி வைத்து, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். அந்த இடைவெளி பல மணிநேரம். மணத்தையும் ருசியையும் நம்பவேண்டாம், நோய் தரும் கிருமிகள் பல இரண்டையும் மாற்றுவதில்லை.

யாருக்காவது வயிற்றோட்டம் தொடங்கினால் முதலில் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் தூளைக் கரைத்துக் கொடுங்கள். இரத்தம் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சின்னப் பிள்ளை சோர்ந்து சிறுநீர் குறைந்தாலோ வைத்தியசாலைக்கு வரவேண்டும். மலம் பரிசோதிக்கச் சொன்னால் ஆய்வுகூடத்தில் தரும் போத்தலிலேயே எடுத்து, அன்டிபயோட்டிக் தொடங்குமுன், இரண்டு மணிநேரத்துக்குள் கொண்டுவந்து தாருங்கள். ஜாம் போத்தலில் முதல் நாள் எடுத்து வைத்ததை வைத்து நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மிஞ்சிய சோஸையும் நூடில்ஸையும் கொட்டாமல் மூடிப் பிரிட்ஜில் வைத்திருங்கள், ஒரே வீட்டில் பலருக்கு வருத்தம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார். பீற்றூட் நூடில்ஸ் சாப்பிட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிலருக்குச் சிறுநீரும் மலமும் அடுத்த நாள் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பதறிக்கொண்டு வந்து நிற்பவர்களில் இந்த வகையும் உண்டு.