காசை விளக்காதீர்கள், ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள்

தாத்தா சேர்த்து வைத்த வெள்ளிக்காசு ஆல்பம் என்ன விலை போகும் என்று கேட்டு வருகிறவர்கள் பலர், காசைப் பளபளவென்று விளக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். புளி, விபூதி, சபீனா, பல் தேய்க்கும் பேஸ்ட், எல்லாமே பார்த்தாயிற்று. கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி. பழைய காசுக்கு வேண்டவே வேண்டாம், ஏனென்றால் கறுப்போடு சேர்ந்து, அச்சடித்த அன்று காசின் மேல் உண்டான மெருகும் போய்விடுகிறது. அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புதுச்சேரியில் பழைய நாணயங்களை மதிப்பிட்டு வாங்கி விற்பது என் தொழில். வீட்டில் ஆல்பம் வைத்திருப்பவர்கள் கைவைப்பதற்கு முன்னால் இதை ஒருதரம் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெள்ளி ஏன் கறுக்கிறது? காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை வாடை அடிக்கும் கந்தக வாயு, வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகப் படிகிறது. படலம் ரொம்ப மெல்லிசாக இருக்கும்போது காசு இளமஞ்சளாகத் தெரியும், கொஞ்சம் தடித்தால் சிவப்போடும் ஊதா, அப்புறம் நீலம், விட்டுவிட்டால் கடைசியில் கறுப்பு. மழைத் தண்ணீரில் சிந்திய பெட்ரோலில் வண்ணம் தெரிகிற மாதிரிதான், இதில் சாயம் எதுவும் இல்லை, படலத்தின் மேலேயும் அடியிலேயும் பட்டுத் திரும்பும் ஒளி செய்கிற வேலை.

பழைய ஆல்பங்களின் அட்டையிலும் காகிதத்திலும் கந்தகம் உண்டு. அமெரிக்காவில் 1930-களில் வந்த வேய்ட் ரேமண்ட் ஆல்பங்களில் அட்டையில் வட்டமாக வெட்டிய துளைக்குள் காசு உட்காரும், இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி ஒரு பட்டை மூடியிருக்கும். விளிம்பு அட்டையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் நிறம் விளிம்பில் பிடித்து உள்ளே போகப் போக மங்கும். அந்த வளையத்துக்காகவே சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

நம் ஊரிலும் இந்த வளையம் கிடைக்கும். வியட்நாமில் இருக்கும் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்களில் இந்தோ-சீன பியாஸ்டர் இருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஆண்ட காலத்துப் பெரிய வெள்ளிக் காசு, தலையில் கதிர்க் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் உருவம், பின்பக்கம் எடை 27 கிராம், வெள்ளி 0.900 என்று பிரெஞ்சிலேயே அச்சடித்திருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா மாமனாரின் அட்டை ஆல்பத்தைக் கொண்டு வந்தார்கள். ஒரே பக்கத்தில் நாலு பியாஸ்டர். மூன்றை ஆயுத பூஜைக்கு யாரோ விளக்கியிருந்தார்கள், வெள்ளை வெளேரென்று, லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். நாலாவதை மறந்திருக்கிறார்கள். அதைச் சாய்த்துத் திருப்பினால் விளிம்பில் நீலம், அதற்குள் ஊதா, அதற்குள் பொன்மஞ்சள், நடுவில் சுத்த வெள்ளி, அதன் மேல் மெருகு சக்கரம் மாதிரிச் சுற்றி வந்தது. மூன்றுக்கும் வெள்ளி விலையை ஒட்டித்தான் என்னால் சொல்ல முடிந்தது. நாலாவதுக்கு அப்படி இல்லை.

ஆனால் நிறமெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பங்கள்தான் எனக்கு உண்மையான கவலை. அவற்றில் நிறைய பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்த்த எண்ணெய் வருஷக்கணக்கில் கசிந்து காசின் மேல் பிசுபிசுவென்று பச்சையாகப் படியும், கூடவே பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காசில் கலந்திருக்கும் செம்பைத் தின்னும். பிரிட்டிஷ் காலத்து 11.66 கிராம் ரூபாயில் 12-இல் 11 பங்கு வெள்ளி, மீதி கலப்பு. 1940-க்குப் பிறகு வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், அது இன்னும் சீக்கிரம் கெடும். ஆல்பத்தைத் திறந்ததும் ரெயின்கோட் வாடை வந்தால், அந்தப் பச்சையை விரலில் தொட்டு ஒட்டினால், காசை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். கெமிக்கல் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்தால் பிசுக்கு போய்விடும், டோனிங், அதாவது காசின் மேல் படிந்த அந்த நிறப் படலம், போகாது. நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும். அடுப்பு, விளக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். துணியால் துடைக்கவே கூடாது, தானாக உலரட்டும். பச்சை அரித்த குழி மட்டும் அப்படியேதான் இருக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களில் ரெயின்போ டோனிங் என்று விற்கிறார்களே, அதில் ஜாக்கிரதை. கந்தகப் புகையும் சூடும் காட்டி ஒரே நாளில் வண்ணம் ஏற்ற முடியும். இயற்கையாக வந்ததில் மஞ்சளைத் தாண்டித்தான் ஊதா வரும், ஊதாவைத் தாண்டித்தான் நீலம், ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும். வெள்ளைக்குப் பக்கத்திலேயே திட்டாக நீலம் இருந்தால், ஒரே ஆள் காட்டும் பத்துக் காசிலும் அதே நிறம் இருந்தால், தேய்ந்து கீறிய காசு பளீரென்று வண்ணம் காட்டினால், நான் வாங்க மாட்டேன்.

கடலோரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் இருக்கின்றன, உப்பங்கழிப் பக்கம் வீடு என்றால் சேற்றிலிருந்து அந்த முட்டை வாடை வாயுவும் சேர்ந்து வரும். ஆகவே நல்ல டோனிங் பிடித்த காசையும் அப்படியே விட்டால் ஒருநாள் கறுப்பில்தான் போய் நிற்கும். ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத கேப்ஸ்யூலில், அதாவது காசு வைக்கும் வட்டக் கூட்டில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி, இரும்பு பீரோவில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ரப்பரில் கந்தகம் உண்டு, காசுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்துவிடும். பழைய ஆல்பத்தைத் தூக்கி எறியாதீர்கள், அதில் தாத்தா கைப்பட எழுதிய குறிப்பு இருந்தால் காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அப்புறம் புதுச்சேரிக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய நாணயமும் தொல்பொருள், தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிரான்சில் இருக்கும் பிள்ளைக்கு, பேரனுக்கு ஆசையாகப் பார்சல் போடவோ பெட்டியில் கொடுத்துவிடவோ செய்யாதீர்கள், அவர்கள் ஊருக்கு வரும்போது இங்கேயே காட்டுங்கள்.