பெனிஃபிட் படிவத்தில் 'கேப்பிட்டல்': மூலதனமா, சொத்தா?

'உங்கள் மூலதனம் 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காது.' யூனிவர்சல் கிரெடிட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு மாதந்தோறும் தரும் உதவிப்பணம் (பெனிஃபிட்). அதைத் தமிழில் விளக்கும்போது இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. இதை வாசிக்கும் கடைக்காரருக்குத் தன் கடைதான் மனதில் வரும். சட்டம் சொல்வதோ நேர் எதிர்.

'கேப்பிட்டல்' லத்தீனில் தலையைக் குறிக்கும் 'கபுட்' வழி வந்தது. மூலதனம் வடசொல். நம் சொல் 'முதல்'. முதலில்லாதவருக்கு ஊதியமில்லை என்கிறது குறள் 449. வியாபாரப் பேச்சில் மூன்றும் ஒன்றுதான், அதில் தகராறில்லை.

தகராறு படிவத்தில். அங்கே 'கேப்பிட்டல்' என்பது வங்கிச் சேமிப்பு, கையிலுள்ள காசு, பங்குகள், குடியிருக்கும் வீடு தவிர்ந்த வேறு வீடு, ஊரிலுள்ள காணி. தொழிலுக்கென்றே முழுதாகவோ பெரும்பாலுமோ பயன்படும் சரக்கு, குளிர்பெட்டி, வேன் எதுவும் அதில் சேராது. தமிழன் மூலதனம் என்று சொல்வது எதுவோ அது கணக்கில் இல்லை; சொல்லாதது எல்லாம் கணக்கில் இருக்கிறது. இதைவிடக் கெட்ட மொழிபெயர்ப்பு இருக்க முடியுமா?

கடையில் 20,000 பவுண் சரக்கும் சொந்தக் கணக்கில் 9,100 பவுண் சேமிப்பும் உள்ளவரைப் பாருங்கள். 'மூலதனம் 20,000' என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவார். அல்லது விண்ணப்பித்து, சேமிப்பை 'மூலதனமில்லை' என்று விட்டுவிடுவார். பிறகு கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். சரியான கணக்கு இது: முதல் 6,000ஐ விட்டுவிடுவார்கள். மிச்சம் 3,100. ஒவ்வொரு 250க்கும், துண்டு விழும் 250க்கும், மாதம் 4.35 பவுண் வருமானம் வந்ததாகக் கொள்வார்கள். 13 துண்டு, மாத உதவிப்பணத்தில் 56.55 பவுண் கழியும். சரக்கின் 20,000 எங்கும் வராது.

வடசொல் வேண்டாமென்று சிலர் 'முதலீடு' போடுகிறார்கள். தூய்மை சரி, தெளிவு எங்கே? முதலீடு என்பது ஒன்றில் போட்ட பணம். சும்மா கிடக்கும் சேமிப்பை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'இருப்பு' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கடைக்காரருக்கு இருப்பென்றால் சரக்கிருப்பு. 'சேமிப்பு' என்றால் காணி விடுபடும். பேசாமல் 'சொத்து' என்றே எழுதலாம். அச்சொல் முதன்முறை வரும் இடத்தில் 'கணக்கில் சேரும் சொத்து' என்று விரித்தால் போதும். விலக்கப்படுவது 'தொழில் சொத்து'. அதை 'வணிகச் சொத்து' ஆக்குவதும் பிழை: வாடகைக் கார் ஓட்டுபவரும் தையல்காரரும் தாங்கள் வணிகம் செய்வதாக நினைப்பதில்லை, விலக்கோ அவர்களுக்கும் உண்டு.

தொழிலை மூடினால் விலக்கு உடனே போகாது. சொத்தை விற்க முயன்றுகொண்டிருந்தால் 6 மாதம் கிடைக்கும்; நியாயமான காரணமிருந்தால் இன்னும் நீளும். பிறகு சந்தை விலைக்கு மதிப்பிட்டு, விற்கச் செலவாகுமென்றால் 10 சதவீதமும், அதன்மேல் உள்ள அடமானக் கடனும் கழித்து மிச்சத்தைச் சேர்ப்பார்கள். வரிக்கென ஒதுக்கிய தொழில் பணத்தைச் சொந்தச் சேமிப்போடு கலந்து வைத்தால் எது எதுவென்று காட்டுவது பெரும்பாடு. தனிக் கணக்கு வைத்திருப்பதே நல்லது.

இதே சொல் இன்னொரு குட்டியும் போட்டிருக்கிறது: 'மூலதன இழப்பு'. உதவிப்பணம் பெறவென்றே சொத்தைக் குறைத்துக்கொள்வதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். வியாபாரத்தில் நட்டப்பட்டவர் இதைப் பார்த்தால் நட்டத்துக்கும் தண்டனையோ என்று பயப்படமாட்டாரா? 'சொத்தைக் கைமாற்றிவிடுதல்' என்றிருந்தால் குழப்பமில்லை. உதவிப்பணத்துக்காகத் தம்பியின் கணக்குக்கு 5,000 பவுண் அனுப்பினால் அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே எண்ணுவார்கள். கடனை அடைத்தால் அப்படி எண்ணமாட்டார்கள். வியாபாரத்தில் போன காசு போனதுதான். அதற்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை.