கனடாவில் படித்து முடித்தாயிற்று, திறன் வேலை அனுபவம் இல்லை: இனி என்ன வழி?

குடிவரவு ஆலோசகராக நான் பார்க்கும் மாணவர்களில் பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள். மூன்று வருட ஒர்க் பெர்மிட்டில் இரண்டு வருடம் கரைந்திருக்கும். கேஷியராகவோ வேர்ஹவுஸிலோ முழுநேரம் உழைத்து, வரியும் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள், ஆனால் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கணக்கில் அதில் ஒரு மணி நேரம்கூடச் சேராது என்பது அப்போதுதான் தெரியவரும். படிப்புக்குப் பின் தரும் இந்த பெர்மிட் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அதனால் முதல் மாதமே கணக்குப் போட்டுவிடுங்கள்.

பி.ஆர். கேட்பவர்களைப் புள்ளி வரிசைப்படி அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் உள்ள கனடிய அனுபவப் பிரிவுக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் 1,560 மணி நேரத் திறன் வேலை வேண்டும். கனடா அரசு வேலைகளை டீயர் 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறது, அதில் 0 முதல் 3 வரை உள்ள வேலைகள்தான் திறன் வேலை. ஒரே உணவகத்தில் சமையல்காரர் டீயர் 3, பக்கத்தில் நின்று காய் நறுக்கிப் பாத்திரம் கழுவுபவர் டீயர் 5. முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை, படிப்பின் பகுதியாகச் செய்யும் கோ-ஆப் வேலை உட்பட, இதில் சேராது.

பலர் தடுக்கி விழும் இடம், வேலை பார்த்ததற்கு முதலாளி தரும் அனுபவக் கடிதம். கடையில் ‘சூப்பர்வைசர்’ என்று பேட்ஜ் கொடுத்திருப்பார்கள், ஆனால் கடிதத்தில் பில் போட்டார், அலமாரியை அடுக்கினார் என்று மட்டும் இருக்கும். அதிகாரி பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, செய்த வேலையை. ஷிப்ட் போட்டது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, வாடிக்கையாளர் புகாரைத் தீர்த்தது, சரக்கு இருப்பைக் கவனித்தது எல்லாம் உண்மையிலேயே செய்திருந்தால் அதைக் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வார மணி நேரமும் சம்பளமும் தேதிகளும் சேர்த்து. செய்யாததை எழுத வைக்காதீர்கள்.

சரி, இங்கே திறன் வேலையே கிடைக்கவில்லை என்றால்? ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். கடந்த பத்து வருடத்துக்குள் தொடர்ச்சியாக ஒரு வருடம் முழுநேரத் திறன் வேலை இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியிலேயே கூட்டாட்சித் திறன் தொழிலாளர் பிரிவு இருக்கிறது, சி.எல்.பி. என்ற கனடிய மொழி அளவுகோலில் 7ஆம் நிலைத் தேர்ச்சியும், வயது, படிப்பு, மொழி போன்றவற்றுக்குத் தரும் தகுதிப் புள்ளியில் 100க்கு 67ம் வேண்டும். அதோடு பிரெஞ்சும் ஏழாம் நிலைக்கு வந்துவிட்டால் நிலைமையே வேறு: 2024 பிப்ரவரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்காக நடந்த அழைப்புச் சுற்று ஒன்றில், எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் (அந்த 67 வேறு கணக்கு) 336 புள்ளிக்கே அழைப்பு போனது. ஆனால் பிரெஞ்சு மட்டும் போதாது, ஏதாவது ஒரு எக்ஸ்பிரஸ் என்ட்ரி பிரிவுக்குத் தகுதி இருந்தே ஆக வேண்டும்.

நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து ஆகிய அட்லாண்டிக் மாகாணங்களில் இரண்டு வருடப் படிப்பு முடித்தவர்களுக்கு அந்த மாகாணங்களுக்கென உள்ள அட்லாண்டிக் குடிவரவுத் திட்டத்தில் முன் அனுபவமே தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட முதலாளி வேலை தர வேண்டும், டீயர் 4 வேலை என்றால் அது நிரந்தர வேலையாக இருக்க வேண்டும். எனக்குக் கேட்டால், இன்னும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதவர்கள் இதை முதலில் யோசிக்கலாம். ஒன்டாரியோவும் முதுகலைப் பட்டதாரிகளை வேலை அனுபவம் கேட்காமல் எடுத்து வந்தது, ஆனால் மாகாணத் திட்டங்கள் திடீரென மாறும், மூடப்படும். அரசு இணையதளத்தைப் பார்க்காமல் ஒன்றை நம்பி ஊர் மாறாதீர்கள்.

அப்புறம், வேலை வாய்ப்புக் கடிதத்தை விலைக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குப் புள்ளியே கிடையாது. பொய்த் தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் ஐந்து வருடத் தடை. யாராவது உங்களிடம் பணம் கேட்டால், அவர் பெயர் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டிலோ மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே தேடிப் பாருங்கள்.